நல்லம்மாள் தட்டிப் பார்த்த கல்

நல்லம்மாளின் கல்யாணம் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் நடந்தது. மேளம் கொட்டி, அட்சதை தலைமேல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், மணப்பெண் மெதுவாகக் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாலி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிறகு தலையைச் சாய்த்து மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். சந்திரசேகரன் பாவம், ஐயரைப் பார்த்தான், குனிந்து முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான். பெண்கள் பக்கம் ஒரே கசமுசா. அபசகுனம் என்றாள் ஒருத்தி, திமிர் என்றாள் இன்னொருத்தி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் தினமும் எட்டு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்.

நாங்கள் இருவரும் பினாங் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சோதிக்கும் பிரிவில் இருந்தோம். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பதுதான் வேலை. நல்லது ஒரு தட்டில், கெட்டது ஒரு தட்டில். நல்லம்மாளின் கெட்டது தட்டு எப்போதும் நிறைந்திருக்கும். சூப்பர்வைசர் மறுபடி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதனால் அவள்மேல் அவருக்கு மரியாதையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தவமணி. சிலோன்காரர் வீட்டுப் பெண். புருஷன் கதிர்காமநாதன் அரசாங்க ஆபீஸில் கிளார்க், ஜெலுத்தோங்கில் வீடு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்கள். நல்லம்மாள் சுங்கை பினாங் ஃபிளாட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். அவள் சந்தேகக்காரி, நான் ஜாக்கிரதைக்காரி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒருவர் காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் கைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். நல்லம்மாள் பாசாரில் மீன் வாங்கினால் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரனின் முகத்தையும் அதே மாதிரி பார்ப்பாள். பிறவிக் குணத்துக்கு மட்டை வைத்துக் கட்டினாலும் தீராது.

இப்படிப்பட்டவள் பாறை ஏறப் போனது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் செய்யும் ஹபீப் முகம்மது பழைய ராணுவக்காரர். பட்டாளத்தில் கற்ற பாறை ஏறும் வித்தையை, ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். பணம் வேண்டாம் என்றார். பணம் வேண்டாமென்று ஒரு மனுஷன் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு மாதம் முழுக்க யோசித்தேன். உள்நோக்கம் எதுவும் கண்ணில் படவில்லை. அப்புறம்தான் நல்லம்மாளோடு நானும் பஸ் ஏறினேன்.

பத்து பெரிங்கி என்கிற ஊர் தாண்டி, தெலுக் பஹாங் போகும் வழியில், கடலோரம் ஒரு பெரிய கருங்கல் பாறை. அதன் உச்சியில் நிற்கும் மரத்தில் இரும்புக் கொக்கி மாட்டி, அதன் வழியாகக் கயிறு கீழே வரும். ஒரு நுனி ஏறுகிறவள் இடுப்பில், மறுபக்கம் கீழே நிற்கிறவள் கையில். அவள் ஏற ஏற இவள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கை நழுவினால் கீழே நிற்கிறவள் கைதான் உயிர். எனக்கு ஏறுவது சரிப்படவில்லை, இரண்டு ஆள் உயரத்தில் தலை சுற்றியது. கயிறு பிடிக்க வந்தது. நல்லம்மாளுக்கு ஏற வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்? தேங்காய் வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பது போல, கை வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் பிடிப்பாள். மற்றவர்கள் வேகமாக ஏறி வேகமாக வழுக்குவார்கள். அவள் வழுக்கியதே இல்லை.

"வாரத்துல ஆறு நாள் குனிஞ்சு பாக்குறேன்க்கா. ஒரு நாளாச்சும் நிமிர்ந்து பாக்குறேன்" என்பாள்.

எல்லாம் சரி. ஆனால் என் மனதில் ஒரு முள் இருந்தது. உச்சிக்குப் போனவர்கள் கயிற்றில் அப்படியே உட்கார்ந்து விடுவார்கள், கீழே நிற்கிறவர் மெதுவாக இறக்குவார். நல்லம்மாள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஏறிய வழியே, தட்டித் தட்டி, தானாகவே இறங்குவாள். போதாக்குறைக்கு, பாதி உயரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை வெடுக்கென்று ஒரு இழு இழுப்பாள், நான் தூங்குகிறேனா என்று பார்க்க! ஆறு வருஷம் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவளோ என்னை நம்பி ஒரு தரம் உடம்பைக் கொடுக்கவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு வலித்தது.

எண்பத்தைந்தில் வேலையெல்லாம் படுத்துவிட்டது. தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். என்னை அனுப்பிவிட்டு அவளை வைத்துக்கொண்டார்கள். ஏர்கான் மெக்கானிக்காக இருந்த சந்திரசேகரனுக்கும் வேலை போனது. மறு வருஷம் ஓர் ஏஜெண்டு மூலமாக அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. பாலைவனத்து ஊர், வெயில் கொளுத்துகிற ஊர், அங்கே ஏர்கான் மெக்கானிக்குக்கு வேலைக்கா பஞ்சம்? அவன் போன நாலாம் மாதமே நல்லம்மாளையும் வரச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்களாம். அவள் வரமாட்டேன் என்று சொன்னால் அவன் திரும்பி வந்துவிட வேண்டியதுதான். இங்கே வந்தால் வேலையில்லை.

அவளுக்கு மண்ணும் வெயிலும் கவலை இல்லை. "அங்க ஏறுறதுக்குப் பாறை இருக்கான்னு கேளுங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவன் படம் அனுப்பினான். ஊருக்குப் பின்னால் மரமே இல்லாத மலைகள், எல்லாம் மொட்டைப் பாறை. நல்லம்மாள் அந்தப் படத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். காலெண்டரிலிருந்து படம் பிடித்திருக்கலாம் என்று அவளுக்குச் சந்தேகம். படத்தை நம்பமாட்டேன், ஒரு கல்லை அனுப்பு என்றாள். அவனும், லீவில் வந்த ஒரு கூட்டாளியிடம், செய்தித்தாளில் சுற்றி ஒரு கல்லைக் கொடுத்தனுப்பினான். பொன் கொடுத்தனுப்புகிற ஊரிலிருந்து ஒருவன் பெண்டாட்டிக்குக் கல் கொடுத்தனுப்பினான் என்று ஃபிளாட் முழுக்கச் சிரிப்பு.

அவள் கல்லைச் சமையலறைத் தரையில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினாள். அது அப்பளம் போல இரண்டாகப் பிரிந்துபோனது.

"பாத்தீங்களாக்கா? இதை நம்பி நான் அங்க போகணுமாம்."

"ஒரு கல்லை வெச்சு ஊரையே சொல்லலாமா?" என்றேன்.

"அதுவும் சரிதான். கத்திரிக்காய் வாங்கப் போனா புழுக் கத்திரிக்காயா பொறுக்கிட்டு வர்ற மனுஷன். கல்லு மட்டும் நல்லதா எடுத்திருப்பாரா? நானே போய்ப் பாக்கணும் லா."

கம்பெனியில் கேட்டு, மனைவி மட்டும் மூன்று மாதம் வந்து இருக்கலாம் என்று அனுமதி வாங்கினான் சந்திரசேகரன். ஒற்றை அறைதான், பிள்ளையைக் கொண்டுவர முடியாது. அவர்கள் மகள் மீனாட்சிக்கு அப்போது நாலு வயது. அவளை மாமியார் வள்ளியம்மா தன் ஊரான நிபோங் திபாலுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வார் என்பது எல்லாரும் அறிந்த விஷயம். வள்ளியம்மா மகன் போனதிலிருந்து இங்கேயே தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷி. ஆனால் நல்லம்மாள் டிக்கெட் வாங்காமல் நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். புருஷன் பிரிந்து இருக்கிறான், இவள் போகாமல் இருக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? அங்கே அவனுக்கு ஒருத்தி என்றார்கள் சிலர், இங்கே இவளுக்கு ஒருத்தன் என்றார்கள் சிலர். எனக்கும் அவள் எதையோ மறைக்கிறாள் என்று பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹபீப் அண்ணன் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைக்கும்போது கொக்கி ஒன்று குறைந்தது. கயிறு மாட்டும் நல்ல இரும்புக் கொக்கி, இங்கே எளிதில் கிடைக்காது. எல்லாரும் மணலில் தேடினோம்.

"கடல் எடுத்துட்டுப் போயிருக்கும் லா, விடுங்க" என்று ஹபீப் அண்ணன் சிரித்தார். ஆனால் அவர் கண் எல்லார் பைமேலும் ஒரு சுற்றுச் சுற்றியதை நான் பார்த்தேன். நல்லம்மாள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை.

அந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் என் வீட்டுக்கு வந்தாள். கையில் கறிபாப் பொட்டலம். அவள் எனக்குப் பலகாரம் வாங்கி வந்ததாகச் சரித்திரமே இல்லை. கை கழுவுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். ரொம்ப நேரமாகக் காணோமே என்று நான் எட்டிப் பார்த்தால், குந்தி உட்கார்ந்து தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன தேடுற?"

"சோப்பு" என்றாள். சோப்பு மேலே, அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் கண் அலமாரி உச்சியிலும் மேசை இழுப்பறையிலும் மேய்ந்தது. பின்கதவைத் திறந்து லொங்காங் பக்கம் போய், அந்தச் சாக்கடைக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். எடுத்ததை அங்கே ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் போகிறாள் என்று பார்ப்போமென்று இருந்தேன்.

மூன்றாம் தடவை நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். என் சின்னவன் சொன்னான்: "நல்லம்மா ஆன்ட்டி வந்தாங்கம்மா. நீங்க வெளிய போனா சாவியை எங்க வைப்பீங்கன்னு கேட்டாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தவர் வீட்டுச் சாவி எங்கே என்று கேட்கிறவள் எதற்குக் கேட்பாள்? ஆறு வருஷம் கயிறு பிடித்தவளைத் திருடி என்று நினைக்கிறாள். நினைத்ததோடு நிற்கவில்லை, ஆள் இல்லாத நேரம் வீட்டைச் சோதனை போடவும் பார்க்கிறாள். என் புருஷனிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நேராக் கேட்டுப் பாரேன்" என்றார். இவர் ஏன் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்? போன மாதம் கொக்கி காணாமல்போன ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போக இவரும் பாறைக்கு வந்தாரே? அவர் குளிக்கப் போனபோது ஆபீஸ் பையைத் திறந்து பார்த்தேன். குடையும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. பார்ப்பதில் தப்பில்லையே.

அன்று அடுப்பின் முன்னால் நின்று அழுதேன். திருடி என்று யார் சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அவள் சொல்லி என்னால் தாங்க முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடுவது, அதோடு அவளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவு செய்தேன்.

கேட்பதற்கு நல்ல இடமாகப் பார்த்தேன். கீழே நின்றால் பஸ் வந்துவிட்டது என்று நழுவிவிடுவாள். அதனால் அவள் பாறையில் பாதி ஏறும்வரை காத்திருந்தேன். கயிறு என் கையில். ஹபீப் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்று முடிச்சு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லம்மா! உன்னை ஒண்ணு கேக்கணும்."

"இறங்கினதும் கேளுங்கக்கா."

"முடியாது. இப்பவே கேக்கணும். என்னைத் திருடின்னு நினைக்கிறியா நீ?"

மேலே தட்டும் சத்தம் நின்றது.

"என் வீட்டு அலமாரியை நோண்டுற, லொங்காங்குல எட்டிப் பாக்குற, என் பையன்கிட்ட சாவி எங்கன்னு கேக்குற. அந்தப் பிசாத்துக் கொக்கியை நான் எடுத்து என்ன செய்யப் போறேன், காதுல மாட்டிக்கவா? உனக்காக ஆறு வருஷமா வெயில்ல நின்னு கையெல்லாம் காய்ச்சுப்போச்சு. ஒரு தடவையாச்சும் என்னை நம்பியிருக்கியா? சொல்லு!"

நான் போட்ட சத்தத்தில் கடலோரம் நடந்துபோன வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நல்லம்மாள் பாறையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"கொக்கியை நான்தான் எடுத்தேன்க்கா."

ஹபீப் அண்ணன் முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அதுல ஒரு விரிசல் மாதிரி தெரிஞ்சுச்சு. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன், விரிசல்தான். ஃபெரியில போறப்ப கடல்ல போட்டுட்டேன்."

"அதை ஹபீப் அண்ணன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, 'இது ராணுவச் சாமான், யானையையே தொங்கவிடலாம்'னுட்டு மறுபடி பையில போட்டுருவார்."

ஹபீப் அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அதைத்தான் சொல்லியிருப்பார்.

"அப்ப என் வீட்டுல எதைத் தேடின?" என்று கத்தினேன்.

அவள் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகு தட்டித் தட்டி, தானாகவே இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"இவ்வளவு கோபத்துலயும் கயிறு ஒரு விரக்கடை தளரலக்கா. நான் மேல நின்னு அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். "மூணு மாசம் மீனாட்சியை நீங்க வெச்சுக்கணும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மணலில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டிக்குக் கீழே அவள் தேடியது மண்ணெண்ணெய், பூச்சி மருந்து. அலமாரி உச்சியில் பார்த்தது, பிள்ளை இழுத்தால் மேலே விழக்கூடிய சாமான். பின்னால் லொங்காங்கின் ஆழம். வெளியே போகிறவள் சாவியைப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறாளா.

"உன் மாமியார் இருக்காங்களே?"

"அத்தை தங்கம்க்கா. ஆனா அவங்க எல்லாத்தையும் நம்புறவங்க. சாமி பாத்துக்கும்னு கதவைத் திறந்து போட்டுட்டு மத்தியானம் தூங்குவாங்க. போன மாசம் நான் வேலை முடிஞ்சு வர்றேன், புள்ள ஆத்தங்கரையில தனியா நிக்குது. சுங்கை பினாங் ஆத்தங்கரையில! அத்தைகிட்ட கேட்டா, 'அதான் ஒண்ணும் ஆகலியே'ன்னாங்க." அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. "எனக்கு நம்புற ஆளு வேணாம்க்கா. எனக்குத் தெரிஞ்சு என்னைவிடச் சந்தேகக்காரி நீங்க ஒருத்திதான்."

"நானா? நானா சந்தேகக்காரி?"

"எங்க வீட்டுல தண்ணி குடுத்தா மோந்து பாத்துட்டுத்தானே குடிக்கிறீங்க? இந்தக் கொக்கிக்காக உங்க வீட்டுக்காரர் பையை நோண்டுனீங்களா இல்லையா?"

"அதை உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா இருந்தா நோண்டியிருப்பேன்."

ஹபீப் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. அவள் என் மூக்கை உடைத்துவிட்டு என் தலையில் கிரீடத்தையும் வைத்துவிட்டாள், இதற்கு எந்த முகத்தைக் காட்டுவது?

வள்ளியம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து, "நான் என்ன பேயா பிசாசா, என் பேத்தியை எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்று அழுதார். நான் டீ போட்டுக் கொடுத்துத் தேற்றினேன். அவர் போகும்போது கேட்டைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போனார்.

நல்லம்மாள் கயிறு ஒன்றை வாங்கிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனாள். மீனாட்சி என்னிடம் வந்தாள். என் பையன்களை நான் அப்படி வளர்க்கவில்லை, அவர்கள் பாட்டுக்கு விழுந்து எழுந்து வளர்ந்தார்கள். இவளுக்காக லொங்காங்கைப் பலகை போட்டு மூடினேன். பால்காரரை மாற்றினேன். காய்ச்சல் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் கொடுத்த மருந்தின் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்காட்டச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். வாசலில் யார் நின்றாலும் யார், ஏன், எதற்கு என்று கேட்டேன். என் புருஷன், "இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். சொல்லட்டும். பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டது, நான் சமைக்கும்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. நான் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அவள்மேல் ஆசை விழுந்துவிட்டது. அந்த ஊர்க் கல்லெல்லாம் அப்பளமாக உடையட்டும், அவர்கள் இங்கேயே திரும்பி வந்துவிடட்டும் என்று தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

நல்லம்மாள் வந்தாள். கருத்து, மெலிந்து, உதடு வெடித்து, ஆனால் கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. வந்ததும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள், நகம் பார்த்தாள், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

"கல்லு எப்படி?" என்றேன். உடைகிற கல் என்று சொல்ல வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"மோசம்க்கா. வெயில் ஏறினா தோசைக்கல்லு, கை வைக்க முடியாது. விடியக்காலையில போய் வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிடணும். தட்டினா நல்லதும் கெட்டதும் ஒரே சத்தம் போடுது. நம்ம பாறை மாதிரி உண்மை பேசாது."

"அப்ப போகப் போறதில்லைதானே?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து, புதுத் தோல் சிவப்பாக வந்திருந்தது.

"விழுந்துட்டேன்க்கா" என்றாள். "நல்லாத் தட்டிப் பாத்துத்தான் பிடிச்சேன். கல்லு கையோட வந்துருச்சு. காலும் போச்சு. கீழ சந்திரன்தான் கயிறு பிடிச்சிருந்தாரு. வேற ஆள் யாரு இருக்கா அங்க? ரெண்டு வெள்ளிக்கிழமை, அங்க அன்னிக்குத்தான் லீவு, சொல்லிக்குடுத்து நிக்க வெச்சிருந்தேன். நான் செத்தேன்னே நினைச்சேன். கயிறு டக்குன்னு நின்னுச்சு. கீழ பாத்தா, அந்த மனுஷன் தரையில உக்காந்து, கண்ணை இறுக்கி மூடிட்டு, கயிறை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிட்டு இருக்காரு. இறக்கி விடுங்கன்னு நான் கத்துறேன், விடவே மாட்டேங்குறாரு." அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கண்டதில்லை. "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிட்டேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடியே சொல்லுகிறேன். பொறாமை. ஆறு வருஷம் நான் நின்றேன், இரண்டு வெள்ளிக்கிழமை நின்ற ஒருத்தன் அவள் நம்பிக்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையும் போகிறாள்.

புறப்படும் நாள் விமான நிலையத்தில் மீனாட்சியின் கை என் கையில் இருந்தது. பயணிகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நல்லம்மாள் பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காகக் கை நீட்டினாள்.

"வீடு எத்தனாவது மாடி?" என்றேன்.

"மூணாவதுக்கா."

"ஜன்னலுக்குக் கம்பி இருக்கா?"

"இல்ல. சந்திரன் போட்டு வெக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

"சொல்லியிருக்காரா? போட்டாச்சா?"

"அவர் சொன்னா செய்வாருக்கா."

இதை நல்லம்மாள் சொன்னாள். என் காதால் கேட்டேன்.

"ஒரு தடவை கயிறைப் பிடிச்சாரு, அதுவும் கண்ணை மூடிட்டு. மறுபடி சோதிச்சுப் பாத்தியா?"

"ஒரு தடவை போதும்க்கா."

"போதாது" என்றேன்.

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த மூன்றாவது மாடியையோ, அந்தக் கம்பியில்லாத ஜன்னலையோ, அந்தச் சந்திரசேகரனையோ நான் துளிகூட நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. ஆனாலும் மீனாட்சியின் கையை விட்டேன். பெற்றவள் அவள், வேறென்ன செய்வது.